வருதா... வருதா?

கேரவன் என்றால் உங்களுக்கும் எனக்கும் தெரிந்தது ஒன்றுதான். சாலிகிராமம், வடபழனிப் பக்கம் தெருவை அடைத்துக்கொண்டு ஒரு வண்டி நிற்கும். உள்ளே ஹீரோ இருப்பதாக ஐதீகம். வெளியே நாம் நிற்போம். கதவு திறக்கும். மேக்கப்மேன் இறங்கி டீ குடிக்கப் போவார். அவ்வளவுதான் நம் கேரவன் அனுபவம்.

இப்போது அந்த வண்டி நமக்கே வாடகைக்குக் கிடைக்கிறது சார். படுக்கை, பாத்ரூம், குட்டி சமையல் மேடை, ஏ.சி., டி.வி. எல்லாம் உண்டு. குடும்பத்தோடு ஏறிக்கொண்டு ஊர் சுற்றலாம். ராத்திரி ஓட்டல் தேட வேண்டாம். கேரள அரசு 2021-ல் இதற்கென்றே தனித் திட்டம் போட்டுச் சுற்றுலாக்காரர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் இதை ரொம்ப காலமாகச் செய்துவருகிறார்கள். காருக்குப் பின்னால் வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், ஏதாவது ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு, முதல் வேலையாக டி.வி. தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

தெரியாது. அதுதான் இந்த வாரக் கதை.

எங்கள் ஆபீஸில் யாருக்கும் பெயர் கிடையாது. டிபார்ட்மென்ட்தான். அக்கவுன்ட்ஸ், பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், அப்புறம் டெஸ்பாட்ச்சாகிய நான். இந்த நால்வரில் அக்கவுன்ட்ஸுக்குத்தான் அந்த யோசனை உதித்தது. 2024 ஜூன் 29, சனிக்கிழமை. டி-20 உலகக் கோப்பை ஃபைனல். பார்படாஸில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். நம்மூர் நேரப்படி ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பம்.

"வீட்ல நிம்மதியா பார்க்க முடியுதா? கடைசி ஓவர்ல கூப்பிட்டு காஸ் சிலிண்டர் மாத்தச் சொல்றாங்க. ஆளுக்கு இவ்வளவுன்னு போட்டு ஒரு கேரவன் எடுப்போம். முட்டுக்காடு தாண்டி என் மச்சானுக்குத் தெரிஞ்சவர் சவுக்குத் தோப்பு ஒண்ணு இருக்கு. கடல் காத்து, பரோட்டா, டி.வி. காலைல ஆபீஸும் கிடையாது!"

அக்கவுன்ட்ஸ் வாயிலிருந்து செலவுக்கான யோசனை வந்தது சரித்திரத்தில் அதுவே முதல் முறை. மூன்று பேரும் உடனே தலையாட்டிவிட்டோம்.

வீட்டில் சொன்னேன். மனைவி மறுப்புச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "அப்படியே மாமாவையும் கூட்டிட்டுப் போங்க. பாவம், வாசலைத் தாண்டி எத்தனை நாளாச்சு" என்றாள். மாமா என்றால் என் அப்பா. வயது 78. கூப்பிட்டதுமே தயாராகிவிட்டார். வெளுத்த வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் துண்டு, கையில் டார்ச் லைட்.

"டார்ச் எதுக்குப்பா? வண்டியில லைட் இருக்கு."

"இருக்கட்டும்டா" என்றார்.

எங்கள் மயிலாப்பூர் சந்துக்குள் ஆட்டோவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வரும். கேரவனுக்கு வாய்ப்பே இல்லை. லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து வைத்திருந்தார்கள். எனவே நாங்கள் நடந்து, ஆட்டோ பிடித்து, அடையாறு டெப்போ பக்கம் நின்றிருந்த வண்டியில் போய் ஏறினோம். அப்பா ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார். பாத்ரூமைப் பார்த்தார். மடக்குக் கட்டிலைத் தட்டிப் பார்த்தார். கடைசியில், "மந்தைவெளியில நாம இருந்த போர்ஷனைவிடப் பெருசாதான்டா இருக்கு" என்றார்.

வாஸ்தவம். யோசித்துப் பார்த்தால், வாடகை வீட்டுக்காரன் ஆயுசு முழுக்கக் கேரவனில்தான் இருக்கிறான். சக்கரம் ஒன்றுதான் குறைச்சல். பதினோரு மாசம் முடிந்ததும் வீட்டுக்காரர், "பையனுக்குக் கல்யாணம், இடம் தேவைப்படுது" என்பார். (அந்தப் பையனுக்கு வயது எட்டு.) நாங்கள் மந்தைவெளி, மயிலாப்பூர், தி.நகர், அடையாறு, மறுபடி மயிலாப்பூர் என்று சுற்றியவர்கள். மீன்பாடி வண்டியில் பீரோ, அதன்மேல் மெத்தை, மெத்தைமேல் அண்டா. சொந்தமாக டி.வி. வாங்கிய பிறகு எல்லாவற்றுக்கும் மேலே, செத்துப்போன பெரிய மீனின் முள் மாதிரி, டி.வி. ஆன்ட்டெனா.

இந்தக் காலத்துத் தம்பிகளுக்கு ஆன்ட்டெனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

சென்னைக்கு டெலிவிஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15-ல். நிலையம் சேப்பாக்கத்தில், சுவாமி சிவானந்தா சாலையில். அங்கே கோபுரத்திலிருந்து கிளம்பும் அலையைப் பிடிக்க ஒவ்வொரு மொட்டை மாடியிலும் ஓர் இரும்புக் கம்பம், அதன் உச்சியில் வரிசையாக அலுமினியக் குழாய்கள். ஒவ்வொரு குழாயும் ஆள் உயரத்துக்கு மேலே நீளம். அலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி இருந்தால்தான் குழாய் அதை ஒழுங்காகப் பிடிக்கும். அன்றைய டி.வி. அலைகள் சில மீட்டர் நீளம் கொண்டவை. அதனால்தான் காக்கைகள் குடும்பத்தோடு வந்து உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

முக்கியமான விஷயம், திசை. ஆன்ட்டெனாவின் முகம் சேப்பாக்கத்தைப் பார்க்க வேண்டும். மயிலாப்பூர், அடையாறில் வடக்கே திருப்பணும். தி.நகரில் வடகிழக்கு. மொட்டை மாடியில் நின்று பார்த்தால், ஊரே ஒரே பக்கம் பார்த்துக் கும்பிடுவது போல இருக்கும். நடுவில் ஒரே ஒரு ஆன்ட்டெனா மட்டும் தெற்கே முறைத்துக்கொண்டிருந்தால், அங்கே ஒரு ரூபவாஹினி பைத்தியம் குடியிருக்கிறது என்று அர்த்தம். இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் கம்பத்தை உயர்த்தி, பூஸ்டர் போட்டு அதை நன்றாகவே பார்த்தார்கள். எங்கள் பக்கத்துத் தெரு மாமா ஒருவர் மயிலாப்பூரிலேயே தெரிவதாகச் சாதித்தார். போய்ப் பார்த்தோம். திரை முழுக்க எறும்பு. "அதோ, அந்த எறும்புக்குப் பின்னாடி ஒரு பொண்ணு பாடறா பாரு" என்றார். பார்த்தோம் என்று சொல்லி காப்பி குடித்துவிட்டு வந்தோம்.

ஆன்ட்டெனாவைத் திருப்புவது தனி ஆள் வேலை இல்லை. குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருத்தர் மாடியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "வருதா... வருதா?" என்பார். ஒருத்தர் மாடிப்படி திருப்பத்தில் நின்று அதை உள்ளே கத்துவார். மூன்றாமவர் டி.வி. எதிரே உட்கார்ந்து, "வரல... வரல... வந்திடுச்சு... ஐயோ போச்சு, முன்னாடி வெச்ச மாதிரியே வை!" என்பார். முன்னாடி எப்படி வைத்தோம் என்பது கடவுளுக்கே தெரியாது.

இப்போது 1983-க்கு வாருங்கள். ஜூன் 25. அதுவும் சனிக்கிழமைதான். லார்ட்ஸ் மைதானத்தில் வெஸ்ட் இண்டீஸுடன் உலகக் கோப்பை ஃபைனல். எனக்கு வயது பத்து. மயிலாப்பூரில் ஒரு ஸ்டோர் வீட்டில் ஆறு குடித்தனம். டி.வி. ஒன்றே ஒன்று, வீட்டுக்காரர் கூடத்தில். மரப்பெட்டி, இழுத்து மூடுகிற ஷட்டர், கறுப்பு வெள்ளை. வைத்திருப்பதற்குத் தபாலாபீஸில் லைசென்ஸ் கட்டணும். அன்றைக்கு அந்தக் கூடத்தில் நாற்பது பேர் இருப்போம். வாசல் ஜன்னலில் தொங்கியவர்கள் தனி.

நம்மவர்கள் 183-க்குச் சுருண்டுவிட்டார்கள். அதிலும் அதிகபட்ச ஸ்கோர் நம்ம மெட்ராஸ் பையன் ஸ்ரீகாந்த்துடைய 38. "நம்மூர்க்காரன் மானத்தைக் காப்பாத்திட்டான். மேட்ச் போச்சு" என்று பாதி பேர் சாப்பிடப் போனார்கள். வெஸ்ட் இண்டீஸ் ஆட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் காற்று வீசியது. மேலே துருப்பிடித்த கம்பம் திரும்பிக்கொண்டது. திரையில் எறும்பு.

அப்பாதான் மாடிக்குப் போனார். அந்த ஸ்டோரில் ஆன்ட்டெனா டிபார்ட்மென்ட் அவருடையது. கம்பத்தைத் திருப்பினார். "வந்திடுச்சு!" என்று கத்தினோம். கையை எடுத்தார். எறும்பு. பிடித்தார். படம். மறுபடி கையை எடுத்தார். எறும்பு. கம்பத்தை மாட்டியிருந்த கிளாம்ப் உடைந்துபோயிருந்தது. அந்த ராத்திரியில் எங்கே போய் கிளாம்ப் வாங்குவது?

"நீங்க அப்படியே பிடிச்சுக்குங்க சார்!" என்றார் வீட்டுக்காரர். வாடகைக்காரர் மறுத்துப் பேச முடியுமா? பிடித்துக்கொண்டார்.

கடைசிவரை பிடித்துக்கொண்டார். ரிச்சர்ட்ஸ் அடித்த பந்தைத் துரத்திப் பின்பக்கமாகவே ஓடி கபில்தேவ் பிடித்தாரே ஒரு கேட்ச், அப்போது அப்பா மாடியில். நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் ஹோல்டிங்கை அமர்நாத் எல்.பி.டபிள்யூ. செய்து, 140-க்கு வெஸ்ட் இண்டீஸ் ஆல் அவுட், 43 ரன்னில் உலகக் கோப்பை நமக்கு என்றானபோதும் அப்பா மாடியில். நான் படியேறி ஓடினேன். இருட்டில் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஜெயிச்சாச்சுப்பா! கையை எடுக்கலாம்!"

எடுக்கவில்லை. "கபில் கேட்ச் பிடிச்சான்னு கத்தினீங்களே, எப்படிப் பிடிச்சான்? செஞ்சு காட்டு" என்றார். மொட்டை மாடியில் பின்பக்கமாக ஓடிக் காட்டினேன். "இன்னொரு தரம்" என்றார். காட்டினேன். மூன்றாம் தடவை தண்ணீர்த் தொட்டியில் முதுகு இடித்தது.

அந்த கேட்ச்சை அதற்கப்புறம் நூறு தடவை டி.வி.யில் போட்டுவிட்டார்கள். அப்பாவும் பார்த்திருக்கிறார். ஆனால் முடிவு தெரிந்த மேட்ச்சைப் பார்ப்பதும், சாப்பிட்ட இலையில் மறுபடி உட்காருவதும் ஒன்றுதான். அந்த ராத்திரி, அந்த நிமிஷம், பந்து மேலே இருக்கும்போது எல்லோருக்கும் வயிற்றில் ஒன்று புரண்டதே, அது அவருக்குக் கிடைக்கவில்லை. இதை நான் அப்போது யோசிக்கவில்லை. பத்து வயதுப் பையன் யோசிப்பானா?

சரி, கேரவனுக்குத் திரும்புவோம். ஏழு மணிக்கு சவுக்குத் தோப்பில் வண்டியை நிறுத்தியாகிவிட்டது. பரோட்டா வந்துவிட்டது. டி.வி.யைப் போட்டோம். 'நோ சிக்னல்' என்று நீலமாக ஒரு பெட்டி திரையில் இங்கும் அங்கும் உலாத்தியது.

"டிஷ் இருக்குன்னீங்களே?" என்று அக்கவுன்ட்ஸ் டிரைவரைக் கேட்டார்.

"இருக்கு சார். டிக்கியில இருக்கு. நீங்கதான் செட் பண்ணிக்கணும்."

வட்ட டிஷ் ஒன்று, இரும்பு ஸ்டாண்டு ஒன்று, ஒயர் ஒரு சுருள். உள்ளே டி.டி. ஃப்ரீ டிஷ் பெட்டி. மாசச் சந்தா கிடையாது. 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் ப்ளஸ் என்ற பெயரில் தூர்தர்ஷன் ஆரம்பித்த இலவச சேவை அது. ஃபைனலை டி.டி. ஸ்போர்ட்ஸில் காட்டுகிறார்கள். எல்லாம் சரி, டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்புவது?

"செல்லுல பார்த்துக்கலாம் விடுங்க" என்றார் பர்ச்சேஸ். எடுத்துப் பார்த்தால், தோப்புக்குள் நெட் ஒரு கோடுதான். கோலிக்குண்டு மாதிரி ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஸ்டோர்ஸ் டிஷ்ஷை வடக்கே திருப்பினார். நான் மேற்கே. அக்கவுன்ட்ஸ், "இந்தியா டீம் இருக்கிற பக்கம் திருப்புங்கய்யா" என்றார். திரையில் இரண்டு பட்டை தெரிந்தது. ஒன்று ஸ்ட்ரென்த், இன்னொன்று குவாலிட்டி. ஸ்ட்ரென்த் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. குவாலிட்டி பூஜ்யம். நம்ம ஆபீஸ் மாதிரியே.

(இது வேடிக்கைக்குச் சொன்னாலும் குறித்துக்கொள்ளுங்கள். ஒயரை மாட்டினாலே ஸ்ட்ரென்த் கொஞ்சம் காட்டும். அதை நம்பாதீர்கள். குவாலிட்டி ஏறினால்தான் சாட்டிலைட் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம்.)

அப்பா படியில் உட்கார்ந்து எங்கள் சாகசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாஸ் போடும் நேரம் நெருங்கியது. மெள்ள எழுந்து வந்தார். "அக்னி மூலைக்குத் திருப்புங்கப்பா. கிட்டத்தட்ட உச்சி பார்க்கணும். முதல்ல மரத்தடியிலேர்ந்து வெளியே கொண்டாங்க."

"எப்படிப்பா தெரியும்?"

"நம்ம மாடியில மாட்டறப்போ பார்த்தேன்ல."

அவர் சொன்னது அப்படியே சரி. அப்புறம் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃப்ரீ டிஷ்ஷை அனுப்புகிற ஜிசாட்-15 சாட்டிலைட், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. சென்னை இருப்பது 80 டிகிரி கிழக்கு, 13 டிகிரி வடக்கு. ஆகவே அது நமக்குத் தெற்கேயும் கிழக்கேயும் சம அளவு தள்ளியிருக்கிறது. திசை பிசகாமல் தென்கிழக்கு. சாஸ்திரம் சமையலறையை எங்கே வைக்கச் சொல்கிறதோ அதே மூலை. உயரம் தரையிலிருந்து சுமார் 68 டிகிரி. அதாவது தலைக்கு மேல் உச்சியிலிருந்து கொஞ்சம்தான் சாய்வு. பக்கத்து வீட்டுச் சுவர், எதிர் வீட்டு மாடி எதுவும் மறைக்காது. தலைக்கு மேலே மரம் கவிந்திருந்தால்தான் தொல்லை.

வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அவர்கள் ஊர் ரொம்ப வடக்கே. லண்டனில் அவர்கள் டி.வி. சாட்டிலைட் சுமார் 25 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. தூரத்தில் இருக்கிற மரம், மேடு எல்லாமே மறைக்கும். பாவம், நிழல் பார்த்து நிறுத்தினால் படம் போச்சு. படம் பார்த்து நிறுத்தினால் நிழல் போச்சு. நமக்கு வில்லன் மழை. பெருமழை பெய்தால் அலை மேகத்தைத் தாண்டி வராமல் படம் கட்டம் கட்டமாக உடையும். புயல் எங்கே கரையைக் கடக்கிறது என்று பார்க்க டி.வி.யைப் போட்டால், புயலே டி.வி.யை அணைத்துவிடும்.

அப்பா தரையில் குந்தி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, டிஷ்ஷைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். மெள்ள. ஒரு விரல் அளவு. நிறுத்து. மறுபடி ஒரு விரல். நான் படியில். ஸ்டோர்ஸ் டி.வி. முன்னால்.

"வருதா... வருதா?"

"வரல சார்... வரல... வந்திடுச்சு!"

குவாலிட்டி பட்டை சரசரவென்று ஏறியது. தேசிய கீதத்துக்கு நம்ம ஆட்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அன்று ராத்திரி முழுக்க அவருக்குத்தான் முதல் பரோட்டா.

கோலி 76 அடித்தார். இந்தியா 176. தென்னாப்பிரிக்கா ஆட ஆரம்பித்தது. அப்பா மொத்த மேட்ச்சையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாசன் அடிக்க ஆரம்பித்தார். 30 பந்தில் 30 ரன் வேண்டும், கையில் 6 விக்கெட் என்ற நிலை வந்தது. அக்கவுன்ட்ஸ், "கொடுத்த காசுக்கு இதுவா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். அப்போது பார்த்துக் கடலிலிருந்து காற்று கிளம்பியது.

படம் உடைந்தது. பும்ரா ஓடி வந்தார், பாதியில் கட்டம் கட்டமாகக் கரைந்தார். வெளியே ஓடிப் பார்த்தோம். டிஷ்ஷை ஸ்டாண்டோடு சேர்க்கிற இடத்தில் இரண்டு நட்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. காற்றடித்தால் டிஷ் தலையாட்டியது. சின்ன டிஷ்ஷுக்கு இரண்டு மூன்று டிகிரி நகர்ந்தாலே போதும், சாட்டிலைட் கை நழுவிவிடும். கல்லை வைத்தோம். கேனை வைத்தோம். நிற்கவில்லை. டிரைவரிடம் நட்டு கேட்டால், "டிக்கியில இருக்கும் சார்" என்றார். இல்லை.

"தள்ளுங்கப்பா" என்று அப்பா வந்து டிஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வந்திடுச்சு! அப்படியே பிடிச்சுக்குங்க சார்!" என்று உள்ளேயிருந்து பர்ச்சேஸின் குரல்.

எல்லோரும் உள்ளே ஓடினார்கள். நானும் ஓடினேன். கிளாசன் அவுட். நான் எகிறிக் குதித்தேன். பும்ரா ஒரு ஓவர் போட்டார். அர்ஷ்தீப் ஒரு ஓவர் போட்டார். கடைசி ஓவருக்கு 16 ரன். ஹர்திக் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில்தான் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். பாதி பரோட்டா இருந்த தட்டு. துண்டு. ஆள் இல்லை.

வெளியே எந்தக் குரலைக் கேட்டேன் தெரியுமா? "அப்படியே பிடிச்சுக்குங்க சார்!" நாற்பத்தோரு வருஷத்துக்கு முந்தைய வீட்டுக்காரர் குரல்.

இறங்கி ஓடினேன். இருட்டில் டிஷ்ஷோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். மேல்துண்டு இல்லாமல் காற்றில் சட்டை படபடத்தது.

"அப்பா, நீங்க உள்ள போங்க."

"நீ போடா. இது எனக்குப் பழக்கம்."

"போங்கப்பா, கடைசி ஓவர்!"

"கை மாறினா படம் போயிடும்டா!"

"போனா போகட்டும்!"

உள்ளேயிருந்து மூன்று குரல்கள் ஒன்றாக, "என்னது!" என்றன. அப்பா கையை எடுக்காமல், என் கையை அவர் கைக்கு மேலே வைக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு விரலாக உருவிக்கொண்டார். படம் போகவில்லை. அப்படி ஒரு கைமாற்றம். ஏர் இந்தியா மகாராஜாவுக்கு சல்யூட் வைப்பது போல நான் குனிந்து நிற்க, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறினார். 78 வயது. இரண்டு இரண்டு படியாக.

நான் என்ன பார்த்தேன்? சவுக்கு மரம் பார்த்தேன். ஒரு விமானம் பார்த்தேன். 36,000 கிலோமீட்டர் தூரத்திலிருந்து கோப்பை என் இரண்டு கைக்கு நடுவே இறங்கி ஒயர் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றேன்.

திடீரென்று உள்ளே சத்தமே இல்லை. ஒரு விநாடி. இரண்டு விநாடி. அப்புறம் ஒரு கத்தல். நான்கு குரலில் அப்பா குரலை எனக்குத் தனியாகத் தெரிந்தது. தூரத்தில் மீனவர் குப்பத்திலும் ஏறக்குறைய அதே நேரத்தில் ஓர் இரைச்சல். கொஞ்ச நேரம் கழித்து, டிரைவர் சீட்டில் செல்போனோடு இருந்த எங்கள் டிரைவர் தனியாக "அவுட்டூ!" என்று அலறினார். எல்லோரும் சிரித்தார்கள். செல்லில் வருவது அரை நிமிஷம் வரைகூடப் பின்தங்கும்.

அந்தக் கால ஆன்ட்டெனாவில் இந்தக் கூத்து கிடையாது. சேப்பாக்கத்தில் மேட்ச் நடந்தால், மைதானத்துச் சத்தம் காற்றில் ஒரு கிலோமீட்டர் வந்துசேர மூன்று விநாடி ஆகும். டி.வி. அலை கண் சிமிட்டுவதற்குள் வந்துவிடும். திருவல்லிக்கேணிக்காரர் முதலில் டி.வி.யில் சிக்ஸரைப் பார்த்து, பிறகு ஜன்னல் வழியே கைதட்டலைக் கேட்கலாம். இப்போது செல்லில் பார்த்தால் தலைகீழ். முதலில் கைதட்டல், பிறகு சிக்ஸர். அன்றைக்கு ஊரே ஒரே விநாடியில் கத்தியது. இன்றைக்கு ஆளுக்கு ஒரு விநாடி. 1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. வந்து, தெருத் தெருவாகக் கேபிள் ஓடி, 2003 செப்டம்பர் 1-ல் சென்னையில் கட்டணச் சேனல்களுக்குச் செட்டாப் பாக்ஸ் கட்டாயம் என்றாகி, ஆன்ட்டெனா கொடிக்கம்பி கட்டும் கம்பமாக ரிடையர் ஆனது. பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பையும் தூர்தர்ஷன் 2022-க்குள் கிட்டத்தட்ட நாடு முழுக்க நிறுத்திவிட்டது. சௌகரியம்தான். மாடிக்கு ஆள் அனுப்ப வேண்டாம். ஆனால் "வருதா" என்று கேட்க ஓர் ஆளும், "வந்திடுச்சு" என்று சொல்ல ஓர் ஆளும் வேண்டியிருந்ததும் அதோடு போயிற்று.

ஏழு ரன்னில் ஜெயித்துவிட்டோம். கதவு திறந்தது. அப்பாதான் முதலில் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஜெயிச்சாச்சுடா! கையை எடு!"

எடுக்கவில்லை. "முதல் பந்துல என்னவோ கத்தினீங்களே, என்னப்பா ஆச்சு?" என்றேன்.

"மில்லர் தூக்கி அடிச்சான்டா. சிக்ஸர்னுதான் நெனச்சேன். அந்த சூர்யகுமார் பையன் ஓடி வந்து கோட்டுக்கிட்ட பிடிச்சான். பிடிச்சவன் தாண்டிடுவோம்னு தெரிஞ்சு பந்தை மேல தூக்கிப் போட்டான். வெளியே போயி, திரும்ப உள்ளே வந்து..." என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சவுக்குச் சருகில் ஒரு கோடு கிழித்து, அதைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, இல்லாத பந்தைப் பிடித்துக் காட்டினார்.

"இன்னொரு தரம் காட்டுங்கப்பா."

காட்டினார்.

மூன்றாவது தடவை கேட்க பயமாக இருந்தது. பின்னால் மரம்.

திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்து ரிச்சி தெருவுக்குப் போய், டிஷ் ஸ்டாண்டுக்கான நட்டு அரை டஜன் வாங்கி வந்து அப்பாவிடம் காட்டினேன். நீங்களும் கேரவனில் போவதாக இருந்தால் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். நட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல நட்டுதான். ஆனா எதுக்குடா காசு செலவு? அடுத்த மேட்ச்சுக்கு நீ பிடிச்சுக்க மாட்டியா?"